கடல் இல்லாத ஊரின் துறைமுகம்: ரெஜைனாவின் நிலக் கணக்கு

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்துக்குக் கடல் கிடையாது. தலைநகர் ரெஜைனாவிலிருந்து மேற்கே வான்கூவர் துறைமுகத்துக்குப் போக சாலை வழியில் சுமார் 1,700 கிலோமீட்டர். கிழக்கே மான்ட்ரியல் அதைவிடத் தூரம். ஆனாலும் இந்த மாகாணம் உலகத்துக்கே சாப்பாடு அனுப்புகிற ஊர். கோதுமை, கனோலா எண்ணெய் வித்து, உரத்துக்கான பொட்டாஷ் எல்லாம் இங்கிருந்து போகிறது. நமக்கு நெருக்கமான சரக்கும் ஒன்று உண்டு: மைசூர் பருப்பு. உலகில் அதிகமாக இந்தப் பருப்பினத்தை ஏற்றுமதி செய்யும் நாடு கனடா. அதில் பெரும்பகுதி விளைவது சஸ்காட்சுவானில்தான். இந்தியாவிலோ இலங்கையிலோ இந்தப் பருப்பைக் கடையில் வாங்கியிருந்தால், அந்த மாகாணத்தோடு உங்களுக்கும் ஒரு வியாபாரத் தொடர்பு இருந்திருக்கலாம்.

இப்படிப்பட்ட ஊர் தனக்கென்று ஒரு 'உள்நாட்டுத் துறைமுகம்' வேண்டும் என்று ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. 2009-இல் மாகாண அரசு அதற்காக ஒரு பொது நிறுவனத்தைத் தொடங்கியது. பெயர், குளோபல் டிரான்ஸ்போர்ட்டேஷன் ஹப். சுருக்கமாக ஜி.டி.ஹெச். ரெஜைனாவின் மேற்கு ஓரத்தில் சுமார் 1,800 ஏக்கர். 2013-இல் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. கனடாவின் ஒரே தன்னாட்சி உள்நாட்டுத் துறைமுகம் என்று அது தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது.

அடுத்த சில ஆண்டுகளில் இந்தப் பெயர் செய்திகளில் அடிபட்டது சரக்குக்காக அல்ல, ஒரு நிலப் பேரத்துக்காக. அந்தப் பேரத்தைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. யார் சம்பாதித்தார்கள், யாருக்கு யார் வேண்டியவர் என்கிற கோணத்தில்தான் பெரும்பாலும். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொரு கேள்வி. ஒரு சரக்குப் போக்குவரத்துத் திட்டம் ஏன் நிலப் பேரத்தில் வந்து நின்றது? என் பதில் சுருக்கமானது: துறைமுகம் என்று பெயர் வைத்தார்களே தவிர, துறைமுகத்தின் வேலை எதுவும் அரசின் கையில் இல்லை. கையில் இருந்தது நிலம் மட்டும்தான். எது கையில் இருக்கிறதோ அதைத்தானே விற்க முடியும்!

உள்நாட்டுத் துறைமுகம் என்றால் என்ன?

நம்ம ஊரில் ஐ.சி.டி. என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதே யோசனை. கப்பலில் வரும் கன்டெய்னரைத் துறைமுகத்திலேயே பிரித்து, வரி கட்டி, லாரியில் ஏற்றினால் துறைமுகமும் திணறும், சாலையும் திணறும். அதற்குப் பதிலாகப் பெட்டியை அப்படியே ரயிலில் ஏற்றி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே கொண்டுபோய், கஸ்டம்ஸ் சோதனையை அங்கே வைத்துக்கொள்ளலாம். ஒரு லாரி ஒரு பெரிய பெட்டியைத்தான் இழுக்கும். ஒரு ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகளை இழுக்கும். லாபம் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் இது வேலை செய்ய இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, இரு திசையிலும் பெட்டி ஓட வேண்டும். சரக்கோடு வந்த பெட்டி காலியாகத் திரும்பினால் அந்தச் செலவை யாரோ ஒருவர் சுமந்தாக வேண்டும். இரண்டு, நேரம் தவறாமல் ரயில் ஓட வேண்டும். செவ்வாய்க்கிழமை ஏற்றினால் புதன்கிழமை கப்பல் பக்கத்தில் இருக்கும் என்று வியாபாரி நம்பினால்தான் லாரியை விட்டு ரயிலுக்கு வருவான்.

அரசே நடத்தி, உருப்படியாக ஓடுகிற உதாரணங்கள் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் துறைமுக ஆணையம் 1989-இல் ஃப்ரன்ட் ராயல் என்ற சிற்றூருக்கு அருகே ஓர் உள்நாட்டுத் துறைமுகத்தைத் திறந்தது. கடற்கரையிலிருந்து 220 மைல் தூரம். மொத்தம் 161 ஏக்கர்தான். நோக்கம் தெளிவானது: ஒஹையோ பள்ளத்தாக்குப் பக்கத்திலிருந்து லாரியில் பால்டிமோர் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த சரக்கைத் தன் நார்ஃபோக் துறைமுகத்தின் பக்கம் இழுப்பது. தொடக்கத்தில் அவ்வளவு கூட்டமில்லை. பிறகு ஃபேமிலி டாலர், ஹோம் டெப்போ, சிஸ்கோ மாதிரியான நிறுவனங்கள் அந்த வட்டாரத்தில் கிடங்கு போட்டன. தென் கரோலினா துறைமுக ஆணையம் 2013-இல் கிரியர் என்ற ஊரில் இதையே செய்தது. சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து 212 மைல். பக்கத்திலேயே பி.எம்.டபிள்யூ. கார் ஆலை இருந்ததால் சரக்குக்குப் பஞ்சமில்லை. 2018-இல் தில்லன் என்ற ஊரில் இன்னொன்றையும் திறந்தார்கள்.

இந்த இரண்டு இடத்திலும் ஒற்றுமை என்னவென்றால், உள்நாட்டுத் துறைமுகத்தை நடத்துவது கடற்கரைத் துறைமுகத்தை நடத்தும் அதே அமைப்பு. ஒரு பெட்டி உள்ளே வந்தால் இரண்டு முனையிலும் அதற்குத்தான் வருமானம். அதனால் பெட்டியை வரவழைப்பதில் அதற்கு உண்மையான அக்கறை இருக்கிறது. கிடங்குகள் வெளியே, தனியார் நிலத்தில், தனியார் செலவில் வரட்டும் என்று விட்டுவிட முடிகிறது.

சரி, ரெஜைனாவுக்கு வருவோம்

சஸ்காட்சுவானின் சரக்கை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். பொட்டாஷ் சுரங்க வாசலிலேயே ரயிலில் கொட்டப்பட்டு நேராகக் கடற்கரைக்குப் போகிறது. கோதுமையும் கனோலாவும் ஊர் ஊராக இருக்கும் தானியக் கிடங்குகளில் ஹாப்பர் வேகனில் ஏறிப் போகின்றன. இவை கன்டெய்னர் சரக்கே கிடையாது. மாகாணத்தின் ஏற்றுமதியில் மிகப் பெரிய பங்கு இப்படி ஜி.டி.ஹெச். வாசலை மிதிக்காமலே கடலுக்குப் போய்விடும்.

மிச்சம் இருப்பது பருப்பு, பட்டாணி மாதிரியான சரக்கு. இதில் ஒரு பங்குக்குத்தான் கன்டெய்னர் தேவைப்படுகிறது. இந்த வியாபாரிகளின் நெடுநாள் குறை ஒன்று உண்டு: காலிப் பெட்டி கிடைக்கவில்லை. காரணம் எளிது. மாகாணத்தின் மொத்த மக்கள்தொகையே 2021 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 11 லட்சம்தான், நம்ம ஊரில் ஒரு பெரிய நகரத்தின் அளவு. அங்கே என்ன பெரிதாக இறக்குமதி ஆகிவிடப்போகிறது? ஆசியாவிலிருந்து வரும் பெட்டிகள் டொரன்டோ, சிகாகோ என்று மக்கள் நெரிசல் உள்ள இடத்துக்குப் போகும். கப்பல் நிறுவனத்துக்கோ காலிப் பெட்டி சீக்கிரம் ஆசியாவுக்குத் திரும்ப வேண்டும். புல்வெளியின் நடுவில் பருப்புக்காக அதை நிறுத்தி வைக்க அதற்குப் பெரிய ஆர்வம் இருக்காது.

ஆக, இந்த ஊருக்குத் தேவைப்பட்டது என்ன? காலிப் பெட்டிக்கு ஓர் ஏற்பாடு, ரயில் அட்டவணையில் ஓர் உத்தரவாதம், கப்பல் நிறுவனங்களோடு ஒப்பந்தம். இவை மூன்றும் பேச்சுவார்த்தை சம்பந்தப்பட்ட விஷயங்கள். இதற்கு 1,800 ஏக்கர் வேண்டியதில்லை.

உண்மையில் வந்தது என்ன என்றும் பார்க்க வேண்டும், நியாயமாகச் சொல்ல வேண்டுமே. முதலில் வந்தது லோப்லா என்ற பெரிய மளிகைக் கடைச் சங்கிலியின் விநியோகக் கிடங்கு. கிட்டத்தட்ட 10 லட்சம் சதுர அடி. அடுத்து, கனடியன் பசிபிக் ரயில்வே நகரின் நடுவில் வைத்திருந்த கன்டெய்னர் யார்டை 2013-இல் இங்கே மாற்றியது. இது நல்ல விஷயம். ஊருக்குள் லாரி நெரிசல் குறைந்தது. பழைய யார்டின் 17.5 ஏக்கர் நகராட்சியின் கைக்கு வந்தது. வேலைவாய்ப்பும் வந்தது, அதை மறுக்கவில்லை.

ஆனால் இவற்றை ஏற்றுமதித் துறைமுகம் என்று சொல்ல முடியுமா? மளிகைக் கிடங்கு என்பது உள்ளே வரும் சரக்கைப் பிரித்துக் கடைகளுக்கு அனுப்பும் இடம். வட அமெரிக்காவில் உள்நாட்டு ரயில் சரக்குக்குப் பொதுவாக 53 அடிப் பெட்டியைப் பயன்படுத்துகிறார்கள். கப்பலில் போவது 20 அடி, 40 அடிப் பெட்டிகள். 53 அடிப் பெட்டி எத்தனை வந்து காலியானாலும் பருப்பு ஏற்றிக் கடல் தாண்ட அது உதவாது. கிடங்குப் பேட்டை வேறு, துறைமுகம் வேறு. இரண்டையும் ஒரே பெயர்ப் பலகையில் எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

யார் கையில் என்ன?

வர்ஜீனியாவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ரெஜைனாவில் ரயில் தனியாருடையது. கன்டெய்னர் யார்டும் அதே ரயில்வேயுடையது. கடற்கரைத் துறைமுகமோ வேறொரு மாகாணத்தில், கனடா மத்திய அரசின் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. ஒரு பெட்டி கூடுதலாக வந்தால் ஜி.டி.ஹெச்.சுக்கு நேரடியாக எதுவும் கிடைக்கப்போவதில்லை. அதன் வருமானம் மனையை விற்பதில்தான். அப்படிப் பார்த்தால் அது சட்ட அதிகாரம் பெற்ற ஒரு மனை வணிக நிறுவனம். நம்ம பாஷையில் சொன்னால், லே-அவுட் போட்டு விற்கிற கம்பெனி.

லே-அவுட் கம்பெனிக்கு வளர்ச்சி என்றால் ஒரே அர்த்தம்தான். இன்னும் கொஞ்சம் நிலம்.

2014-இல் அது பக்கத்திலிருந்த 204 ஏக்கரை வாங்கியது. விலை 2.1 கோடி டாலர். அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 1,03,000 டாலர். அந்த நிலத்தின் ஒரு பகுதி, வரவிருந்த ரெஜைனா பைபாஸ் சாலைக்கும் தேவைப்பட்டது. சாலைக்கு வேண்டியதை நெடுஞ்சாலைத் துறை நில எடுப்பு முறையில் மதிப்பீட்டு விலைக்கு எடுத்திருக்க முடியும். அந்த வேலையையும் தொடங்கியிருந்தார்கள். பிறகு, ஜி.டி.ஹெச். வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். அரசிடம் வந்து சேர்வதற்கு முன் அந்த நிலம் குறுகிய காலத்தில் தனியாரிடையே கை மாறியிருந்தது. ஒவ்வொரு கை மாறலிலும் விலை ஏறியிருந்தது.

2016 பிப்ரவரியில் சி.பி.சி. ஊடகம் இதை வெளிக்கொண்டு வந்தது. மாகாணத் தணிக்கையாளர் ஜூடி ஃபெர்குசனை ஆராயும்படி அரசே கேட்டுக்கொண்டது. அந்த ஆண்டு ஜூன் இறுதியில் அவருடைய அறிக்கை வந்தது. மோசடி என்று சொல்லும்படியான ஆதாரம் எதையும் அவர் காணவில்லை. ஆனால் ஜி.டி.ஹெச். கொடுத்தது கணிசமாக அதிக விலை என்றும், நிலம் வாங்கிய முறை சரியில்லை என்றும் சொன்னார். காவல்துறையும் தனியாக விசாரித்தது. 2018-இல், வழக்குத் தொடரப்போவதில்லை என்று முடிந்தது.

இதை வைத்து இரண்டு பக்கமும் அவரவர் வசதிக்குப் பேசினார்கள். ஒரு பக்கம், "குற்றமே இல்லையே, அப்புறம் என்ன?" இன்னொரு பக்கம், "இவ்வளவு நடந்திருக்கு, குற்றம் இல்லைன்னா எப்படி?" இரண்டு பேச்சிலும் எனக்கு உடன்பாடு இல்லை. யாரும் சட்டத்தை மீறாமலேயே பொதுப்பணம் இப்படிப் போக முடியும் என்பதுதான் இதில் நாம் பார்க்க வேண்டிய பாடம். குற்றவாளியைத் தேடிக்கொண்டே இருந்தால் அமைப்பிலிருந்த ஓட்டை கண்ணுக்குப் படாது.

தான் ஏற்றிய விலையைத் தானே கொடுப்பது

அந்த ஓட்டை எங்கே இருந்தது? விளைநிலமாக இருந்த ஒரு வயலின் விலை ஏன் ஏறியது என்று கேட்டால் பதில் கிடைத்துவிடும். அரசு பக்கத்தில் லாஜிஸ்டிக்ஸ் பூங்கா அறிவித்தது. அரசு பைபாஸ் அறிவித்தது. பைபாஸ் சின்ன வேலையும் இல்லை. 2019-இல் முழுமையாகத் திறக்கப்பட்டபோது அதன் மொத்த மதிப்பு 188 கோடி டாலர். "ரோடு வரப்போகுது" என்ற ஒரு வார்த்தை நிலத்தின் விலையை என்ன செய்யும் என்று தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் பார்த்திருக்கிறோம்.

அப்படியானால் 2014-இல் நடந்தது இதுதான்: தன் அறிவிப்பால் ஏறிய விலையை அரசே காசு கொடுத்து வாங்கியது. விலையேற்றத்துக்குக் காரணம் பொதுமக்கள் பணத்தில் நடக்கும் திட்டங்கள். அந்த ஏற்றத்தின் பலன் இடையில் வைத்திருந்தவர்களுக்கு. அந்தப் பலனைக் கொடுத்ததும் பொதுமக்கள் பணம்தான். ஒரே செலவை மக்கள் இரண்டு முறை செய்திருக்கிறார்கள்.

இதற்கு ஒரு நல்ல எதிர்வாதம் உண்டு. அரசு நிலத்தை வாங்கி வைக்காவிட்டால் யாரோ வாங்கிப் பதுக்குவார்கள், நாளைக்குத் தேவைப்படும்போது இன்னும் அதிக விலை கேட்பார்கள் என்பது. ஒப்புக்கொள்கிறேன், நிலவங்கி என்பது நியாயமான கொள்கைதான். ஆனால் அது அறிவிப்புக்கு முன்னால் வாங்குவதற்கான வாதம். தொடங்கி ஐந்து ஆண்டு கழித்து, பைபாஸ் பாதையும் பேச்சில் வந்த பிறகு, உச்ச விலையில் வாங்குவதற்கு அது பொருந்தாது. அதிலும், நில எடுப்பு என்ற சட்ட வழி கையில் இருக்கும்போது பேரம் பேசி வாங்கியதற்கு இந்த வாதத்தில் இடமே இல்லை.

கேள்வி கேட்க ஆள் இல்லாத அமைப்பு

தன்னாட்சி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்களே, அதையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். தன் எல்லைக்குள் நிலப் பயன்பாட்டைத் தானே தீர்மானிக்கும் அதிகாரம் இந்த அமைப்புக்குத் தரப்பட்டது. வேகமாக அனுமதி கிடைக்கும், முதலீட்டாளர் விரும்புவார் என்பது காரணம். விளைவு என்ன? நகராட்சிக் கூட்டத்தில் வழக்கமாக எழும் சலசலப்பு இங்கே எழ வழியில்லை. தனி நிறுவனம் என்பதால் ஒரு துறையின் தினசரி நிர்வாக விதிகளும் அப்படியே பொருந்தாது. போதாததற்கு, பொறுப்பு அமைச்சரே நிறுவனத்தின் இயக்குநர் குழுத் தலைவராகவும் இருந்தார். கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே நாற்காலியில்.

நகராட்சி விவாதத்தைத் தாமதம் என்று நினைக்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். "ஏக்கருக்கு இவ்வளவா?" என்று ஒரு கவுன்சிலர் எழுந்து கேட்கிற அந்த அரை மணி நேரம்தான் மலிவான தணிக்கை. அதை மிச்சப்படுத்தினால் பிறகு பத்திரிகையாளர், தணிக்கையாளர், காவல்துறை என்று நான்கு ஆண்டு செலவாகிறது.

கடைசியாக, வெற்றியை எதை வைத்து அளந்தார்கள் என்பது. விற்ற ஏக்கர், வந்த முதலீடு, ஓடிய லாரி. நில விற்பனையில் அரசின் சொந்த மின்வாரிய நிறுவனமான சஸ்க்பவரும் ஒரு வாடிக்கையாளர். அங்கே நிலம் வாங்கி அதுவும் கிடங்கு கட்டியது. மின்வாரியத்துக்குக் கிடங்கு தேவையாக இருக்கலாம். ஆனால் அரசின் இடது பையிலிருந்து வலது பைக்குப் போன பணத்தை உள்நாட்டுத் துறைமுகத்துக்குக் கிராக்கி இருப்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. பருப்பு வியாபாரிக்குக் காலிப் பெட்டி கிடைக்க இப்போது எத்தனை நாள் குறைந்திருக்கிறது? ஒரு டன் பருப்பைக் கப்பல் வரை சேர்க்க எத்தனை டாலர் குறைந்திருக்கிறது? இவைதான் முதல் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய எண்கள். 2018-இல் புதிய முதல்வரின் அரசு இந்தத் தொழிலிலிருந்து விலக விரும்புவதாகச் சொன்னபோதும், விவாதம் மிச்ச நிலத்தை எப்படி விற்பது என்பதைச் சுற்றியேதான் நடந்தது. ஆரம்பித்ததும் நிலத்தில், முடித்துக்கொள்ளப் பார்த்ததும் நிலத்தில்.

அரசு இந்தத் துறைக்கே வரக்கூடாது என்பது என் முடிவு அல்ல. ஃப்ரன்ட் ராயலும் கிரியரும் அரசு அமைப்புகள்தான். தனியார் ரயில் நிறுவனம் லாபமுள்ள தடத்தில்தான் ஓட்டும். ஒதுக்குப்புற விவசாயியின் சரக்குக்காகப் பேச அரசால்தான் முடியும். அதனால்தான் இந்தக் கதை எனக்கு வருத்தம் தருகிறது. பேசியிருக்க வேண்டிய இடத்தில் அரசு மனை விற்றுக்கொண்டிருந்தது.

இன்று உலகில் எங்கெங்கோ அரசுகள் லாஜிஸ்டிக்ஸ் பூங்கா அறிவிக்கின்றன. அறிவிப்பைப் படிக்கும்போது நான் தேடுவது நாலே விஷயம். என்ன சரக்கு, எந்தப் பெட்டியில், எந்தத் திசையில்? ரயில் யாருடையது, அட்டவணைக்கு உத்தரவாதம் உண்டா? நிலம் அறிவிப்புக்கு முன் வாங்கியதா, பின் வாங்கியதா? நிர்வாகத்தைக் கேள்வி கேட்கும் அதிகாரம் வெளியே யாருக்கு இருக்கிறது? ஏக்கர் கணக்கு கொட்டை எழுத்தில் இருந்து, இந்த நாலுக்கும் பதில் இல்லையென்றால், அது துறைமுக அறிவிப்பு இல்லை. மனை விற்பனை விளம்பரம்தான்.